பகிரப்பட்ட நிழற்படமும் அதன் பாதுகாப்பும்

நம் திருச்சபைகளின் வாழ்வில் நிழற்படம் பெற்றுள்ள இடம் கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. முன்னாளில் ஆலயத்தின் நூற்றாண்டு விழா, திடப்படுத்தல் ஆராதனை, திருமணம் ஆகியவற்றிற்கு மட்டுமே படம் எடுப்பவர் அழைக்கப்பட்டார். முகப்பில் பெஞ்சுகள் இடப்பட்டு, ஆயர் நடுவிலும் மூப்பர்கள் இருமருங்கிலும் அமர, எடுக்கப்பட்ட ஒரு படம் சட்டமிடப்பட்டு வெஸ்ட்ரியின் சுவரில் தொங்கியது. அதைக் காண விரும்புவோர் அவ்வறைக்கு வரவேண்டியிருந்தது. இன்றோ தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி எனத் தென்சென்னைப் புறநகரெங்கும் உள்ள சபைகளில், மக்கள் ஆராதனை முடிந்து வீடு சேருமுன்பே அன்றைய படங்கள் சபையின் ஃபேஸ்புக் பக்கத்தை அடைந்துவிடுகின்றன. அவற்றைக் காண யாரும் எங்கும் வரவேண்டியதில்லை. அவற்றை எடுத்துச் செல்லவும் யாரும் வாசலைத் தாண்ட வேண்டியதில்லை.

இதன் விளைவாக ஆயர்களிடம் இருவகை முறையீடுகள் வருகின்றன. "நான் எடுத்த படத்தை என்னைக் கேளாமல் ஒருவர் பயன்படுத்திக்கொண்டார்" என்பது ஒன்று. "என் மகளின் படத்தை யாரோ எடுத்து வேறெங்கோ போட்டிருக்கிறார்கள்" என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் பெரும்பாலும் ஒரே வகையாகக் கருதி, ஒரே அறிவுரையைக் கூறிவிடுகிறோம். முதலாவது படத்தை எடுத்தவரின் உரிமையைப் பற்றியது. இரண்டாவது படத்தில் இருப்பவரின் உரிமையைப் பற்றியது. சட்டம் இவ்விரண்டையும் வேறு வேறு வழிகளில் நோக்குகிறது. திருப்பணியாளரும் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

களவு என்று கூறலாமா?

அனுமதியின்றிப் படத்தை நகல் எடுப்பது களவு என்று கூறினால், நம் வாலிபர்கள் நகைக்கிறார்கள். அவர்கள் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஒருவருடைய மாட்டைக் களவாடினால் அவர் தொழுவம் வெறுமையாகிறது. படத்தை நகல் எடுத்தாலோ அவருடைய படம் அவரிடமே இருக்கிறது. ஒன்றும் குறையாதபோது களவு எங்கே என்று அவர்கள் கேட்கின்றனர்.

இதற்கு விடை காண ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். நம் மாணவர் ஒருவர் விடுமுறை நாள்களில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குச் சென்று பறவைகளைப் படம் எடுப்பவர். 2022-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலத்தில் இன்று எஞ்சிக் காக்கப்படுவது ஏறத்தாழ 1,247 எக்டேர். அதைச் சுற்றி இருந்த பரந்த ஈரநிலம் சாலைகளாலும் குப்பைமேட்டாலும் கட்டடங்களாலும் விழுங்கப்பட்டது என்பதைத் துரைப்பாக்கம் வழியாகச் செல்லும் எவரும் காணலாம். அம்மாணவர் பூநாரைக் கூட்டம் ஒன்றைப் பல வாரங்கள் காத்திருந்து எடுத்து, இயற்கை ஆர்வலர் காணும்பொருட்டு இணையத்தில் இட்டார். சில மாதங்களில் அப்படம் அடுக்குமாடி வீடு விற்கும் விளம்பரம் ஒன்றில், பூநாரைகள் உங்கள் பால்கனியிலிருந்து தெரியும் என்னும் பொருள்பட அச்சாகி வந்தது. அவருடைய படம் அவரிடம் அப்படியே இருந்தது. ஆயினும் சதுப்பு நிலத்தைக் காக்கவேண்டும் என்று அவர் பேசிய சொல், அதை மூடிக் கட்டுவோரின் வாயில் வைக்கப்பட்டுவிட்டது. அவர் இழந்தது பணமன்று. தம் படம் எதற்காகப் பேசவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை.

தாவீது அரசனிடம் நாத்தான் உரைத்த உவமையை இங்கே நினைவுகூரலாம். ஏழையின் ஆட்டுக்குட்டிக்குச் சந்தையில் என்ன விலை என்பது அவ்வழக்கில் கேள்வியே அன்று. அது அவனுடைய வீட்டில் வளர்ந்தது, அவனுடைய மடியில் படுத்தது என்பதே கேள்வி. நிழற்படத்தின் வழக்கும் பெரும்பாலும் இத்தகையதே. (முகம் இறைவனின் சாயல், ஆகவே நிழற்படமும் புனிதமானது என்று சிலர் பிரசங்கிக்கக் கேட்டிருக்கிறோம். அந்த வாதம் நம்மை இணங்கச் செய்யவில்லை. காகிதத்திலோ திரையிலோ உள்ள உருவுக்குப் புனிதம் கற்பிப்பது வேறோர் இடருக்கு வழிவகுக்கும். உருவுக்கு உரியவரின் மாண்பு என்று கூறினால் போதும்.)

எடுத்தவருக்குச் சட்டம் அளிப்பது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டம் நிழற்படத்தை ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு கலைப்படைப்பாகவே எண்ணுகிறது. அது கலையழகு உடையதா இல்லையா என்று பார்ப்பதில்லை. படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளர். எடுத்த நொடியிலேயே உரிமை பிறக்கிறது. பதிவு செய்தாலன்றி உரிமையில்லை என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. பதிவு வழக்கில் சான்றாக உதவும், உரிமைக்கு நிபந்தனையன்று. "இணையத்தில் கிடைத்தது, ஆகவே பொதுச்சொத்து" என்பது அதனினும் பெரிய தவறு. வீதியோரத்தில் நிறுத்திய மிதிவண்டி பொதுச்சொத்து ஆகாததுபோலவே இதுவும்.

இவ்விடத்தில் ஆயர்கள் குறித்துக்கொள்ளத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கட்டணம் கொடுத்து எடுக்கச் செய்த நிழற்படத்திற்கு, வேறு உடன்பாடு இல்லாவிடில், கட்டணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே திருமண வீட்டார் பணம் கொடுத்து எடுக்கச் செய்த படங்களை ஸ்டுடியோக்காரர் தம் விளம்பரத்திற்காக இன்ஸ்டாகிராமில் இடுவதற்கு அவ்வீட்டாரின் இசைவு வேண்டும். மாறாக, சபையின் வாலிபர் ஒருவர் அன்பின் நிமித்தம், ஊதியமின்றி, தம் கருவியால் எடுத்த அறுப்பின் பண்டிகைப் படங்கள் அவருக்கே உரியவை. சபைக்கு உரியவை அல்ல. சேகர மலரின் அட்டைக்கு அவற்றை எடுத்துக்கொள்வதற்கு முன் அவரைக் கேட்பதும், அவர் பெயரை இடுவதும் கடமை. நம்மில் எத்தனை பேர் இதைச் செய்கிறோம்? பிரசங்கத்தோடு காட்டும் திரைப்படங்களுக்கும், ஆண்டு நாள்காட்டிக்கும் கூகிளில் தேடி எடுத்த மலைகளையும் சூரிய உதயங்களையும் நாம் தாராளமாகப் பயன்படுத்திவருவதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அம்மலைகளையும் யாரோ ஒருவர் விடியுமுன் எழுந்து சென்றுதான் எடுத்திருக்கிறார். இசைவுடன் வழங்கப்படும் படங்கள் வேண்டுமெனில், 2002 முதல் நடைமுறையில் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின்கீழ் எண்ணற்ற படங்கள் கிடைக்கின்றன. எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பதே அவற்றுள் பலவற்றின் நிபந்தனை.

2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு மாற்றங்களைக் கொணர்ந்தது. அதற்கு முன் நிழற்படத்தின் பதிப்புரிமை அது வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் மட்டுமே நீடித்தது. அத்தனிப்பிரிவு நீக்கப்பட்டு, மற்றக் கலைப்படைப்புகளைப் போலவே படைப்பாளரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் என்றாயிற்று. மேலும், படத்தில் பொறிக்கப்பட்ட படைப்பாளரின் பெயரையும் உரிமைக் குறிப்பையும் அறிந்தே நீக்குபவருக்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 65பி என்னும் பிரிவு இடமளிக்கிறது. ஒரு படத்தின் மூலையில் இருந்த பெயரை வெட்டிவிட்டு அனுப்புவது அற்பச் செயல் என்று எண்ணுவோர் இதை அறிவாராக.

படத்தில் இருப்பவர்

மேற்கூறிய சட்டம் முழுவதும் எடுத்தவரைக் காக்கிறதேயன்றிப் படத்தில் உள்ளவரைக் காக்கவில்லை. நம் சபைகளில் அதிகமாகப் புண்படுவோரோ இவர்களே. இதன் கொடுமையைத் தமிழகம் 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கண்டது. சேலம் மாவட்டத்தில் ஒரு பட்டதாரிப் பெண்ணின் முகத்தை எடுத்து ஆபாச உருவத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் பரப்பினர். குடும்பத்தார் காவல்துறையிடம் முறையிட்டும் படங்கள் உரிய வேளையில் அகலவில்லை. அப்பெண் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டாரே தம்மை நம்பவில்லை என்பது அவருடைய இறுதித் துயரங்களுள் ஒன்றாக இருந்ததாக அந்நாளில் செய்திகள் வந்தன. இதை நாம் ஊன்றி எண்ணவேண்டும். அவ்வாறு வரும் பெண்ணிடம் ஆயர் கேட்கும் முதற்கேள்வி "நீ ஏன் படத்தைப் போட்டாய்?" என்பதாக இருக்குமானால், அவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

அடுத்த ஆண்டு ஜூனில் ஃபேஸ்புக் நிறுவனம் உலகில் முதன்முதலாக இந்தியாவில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. இந்தியப் பெண்கள் பலர் தங்கள் முகப்படத்தை இணையத்தில் இட அஞ்சுகின்றனர் என்று இங்குள்ள அமைப்புகளோடு சேர்ந்து செய்த ஆய்வில் அது அறிந்திருந்தது. ஆகவே முகப்படத்தைச் சுற்றி நீல விளிம்பும் கேடயக் குறியும் இட்டு, பிறர் அதை இறக்கிக்கொள்ளவோ பகிரவோ இயலாதபடி ஓர் ஏற்பாடு செய்தது. அந்நிறுவனம் கூறிய மற்றொரு செய்தி நம் கவனத்திற்குரியது. படத்தின்மேல் ஏதேனும் ஒரு கோலத்தை அணிவித்தால், பிறர் அதை நகல் எடுக்கும் வாய்ப்பு குறைந்தது 75 விழுக்காடு குறைகிறது என்பதே அது. கோலம் எவரையும் தடுப்பதில்லை, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். ஆயினும் "இதற்கு உரியவர் ஒருவர் இருக்கிறார்" என்ற நினைவூட்டலே பலரை நிறுத்திவிடுகிறது. நகல் எடுப்போருள் பெரும்பாலோர் கொடியவர் அல்லர், சிந்தியாதவர் என்பதற்கு இது சான்று.

கொடியவர்களும் உண்டு. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் இந்திய முஸ்லிம் பெண்கள் பலரின் படங்களை அவர்களுடைய சமூக ஊடகப் பக்கங்களிலிருந்தே எடுத்து, அவர்களை ஏலம் விடுவதுபோல் காட்டிய செயலிகள் வெளிவந்தன. அப்பெண்கள் தங்கள் படங்களைப் பொதுவில் வைத்தது பேசுவதற்காக. பத்திரிகையாளராகவும் செயற்பாட்டாளராகவும் அவர்கள் பேசிய குரலை அடக்கவே அப்படங்கள் திருப்பப்பட்டன. தனிமனிதரன்றி இயந்திரங்களும் இன்று படங்களை அள்ளுகின்றன. கிளியர்வியூ என்னும் அமெரிக்க நிறுவனம் முகங்களை அடையாளம் காண்பதற்காக இணையத்திலிருந்து 300 கோடிப் படங்களைத் திரட்டியிருந்தது என்பது 2020 ஜனவரியில் வெளியாயிற்று. செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கத் தொகுக்கப்பட்ட பெருந்தொகுப்பு ஒன்றில், மிகச் சிலரே காணும் குடும்ப வலைப்பக்கங்களில் இருந்த குழந்தைகளின் படங்களும் சேர்ந்திருந்ததை மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு 2024-இல் எடுத்துக்காட்டியது. "நம் சபைப் பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்னும் கேள்விக்கு இது விடையாகும்.

படத்தில் இருப்பவரின் உரிமைக்கு நம் நாட்டில் வித்திட்ட தீர்ப்புகளுள் ஒன்று நம் புறநகரோடு தொடர்புடையது என்பதைப் பலர் அறியார். திருவான்மியூரைக் களமாகக் கொண்ட ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு வெளியிட இதழுக்கு உரிமை உண்டு என்று கூறிய அத்தீர்ப்பு, தனித்து விடப்படுவதற்கு ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு என்றும் வரையறுத்தது. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்திற்கும் பிறவற்றிற்கும் பயன்படுத்துவது அவ்வுரிமையை மீறும் செயலுக்கு எடுத்துக்காட்டாக அங்கே சொல்லப்பட்டது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்றே உறுதி செய்தது. இடையில் 2015-இல் நடிகர் ரஜினிகாந்த் தம் பெயரையும் பாணியையும் ஓர் இந்தித் திரைப்படம் பயன்படுத்துவதைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் வாயிலாகத் தடுத்தார். புகழுடையோர்க்கு நீதிமன்றம் எளிதில் எட்டுகிறது. குரோம்பேட்டையில் தையல் தொழில் செய்யும் ஒரு சகோதரிக்கு அஃது எட்டுமா என்பதே நம் கவலை.

எட்டக்கூடும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2025 ஜூலையில் ஒரு பெண்ணின் அந்தரங்கப் படங்கள் பல இணையதளங்களில் பரவியதை எதிர்த்து அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். அவற்றை 48 மணி நேரத்திற்குள் அகற்ற நடவடிக்கை எடுக்குமாறு ஒன்றிய அமைச்சகத்திற்கு நீதிமன்றம் ஆணையிட்டது.

காப்பு முறைகள்

முழுமையான காப்பு உண்டா என்று கேட்டால், இல்லை என்பதே உண்மையான மறுமொழி. திரையில் தெரிவதைத் திரைப்பிடிப்பாக எடுத்துவிடலாம். அதையும் தடுத்தால் மற்றொரு கைப்பேசியால் படம் பிடிக்கலாம். வலைப்பக்கத்தில் சுட்டியின் வலப்பொத்தானை முடக்குவதால் பயனில்லை. அது பூட்டற்ற கதவில் "உள்ளே வராதீர்" என்று எழுதுவதை ஒக்கும். ஆயினும் கதவைத் திறந்தே வைக்கவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுவதில்லை.

மிகுந்த பயன் தருவது படத்தின் அளவைக் குறைத்து இடுவதே. இன்றைய கருவிகள் எடுக்கும் படம் அகலத்தில் 6,000 புள்ளிகளும் உயரத்தில் 4,000 புள்ளிகளும் கொண்டிருக்கும். மொத்தம் 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள். கைப்பேசித் திரையில் காண்பதற்கு அகலத்தில் 1,000 புள்ளிகள் போதும். அவ்வாறு சுருக்கிய படத்தை நல்ல அச்சில் இட்டால் மூன்றரை அங்குலத்திற்குமேல் தெளிவாக வராது. பூநாரை விளம்பரம் போன்ற அச்சுக் களவு இதனாலேயே பெரிதும் தடைப்படும். முழு அளவுப் படத்தைத் தம்மிடமே வைத்திருப்பது, பின்னாளில் இது என்னுடையது என்று நிறுவுவதற்கும் சான்றாகும்.

நீர்க்குறி எனப்படும் பெயர்ப்பொறிப்பு அடுத்தது. அதை மூலையில் சிறிதாக இட்டால் வெட்டிவிடுவர். நடுவில் பெரிதாக இட்டால் படம் பாழாகும். முகத்தின் ஓரம் அல்லது ஆடையின் மடிப்பு போன்று, அழித்தால் தெரியும் இடத்தில் மெல்லியதாக இடுவதே அறிவுடைமை. எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒரேவிதமாக இடப்படும் குறியைக் கணினியே கற்று நீக்கிவிட இயலும் என்று கூகிள் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினர். ஆகவே இடத்தையும் வடிவையும் சற்றே மாற்றுதல் நன்று. இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு முன் அதுவும் முழுக்காப்பு ஆகாது. ஆயினும் முன்னே கூறிய 65பி பிரிவின்கீழ், நீக்கியவர் அறிந்தே நீக்கினார் என்று காட்ட அது உதவும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் கூறவேண்டும். கைப்பேசி எடுக்கும் ஒவ்வொரு படத்தினுள்ளும் நாளும் நேரமும், இட அறிவிப்பு திறந்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகையும் எழுதப்படுகின்றன. ஒரு வீட்டுக் கூட்டத்தின் படத்தை மூலக்கோப்பாக அனுப்பினால், அவ்வீட்டின் வாசலையே காட்டிக்கொடுத்தவர்களாவோம். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இக்குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. ஆவணமாக அனுப்பும்போது நீங்குவதில்லை. கைப்பேசியின் காமிரா அமைப்பில் இட அறிவிப்பை அணைத்துவிடுவது ஒரு நிமிட வேலை. அதே உட்குறிப்பில் எடுத்தவர் பெயரையும் உரிமையையும் எழுதி வைக்கவும் இடமுண்டு என்பதைப் படம் எடுப்போர் அறிந்திருத்தல் நலம்.

இனி, யார் காணலாம் என்பதை வரையறுத்தல். சபைப் பக்கத்தைப் பொதுவில் வைப்பதற்கு மாறாக உறுப்பினர் மட்டும் காணும் குழுவாக அமைக்கலாம். ஆயினும் முந்நூறு பேர் உள்ள வாட்ஸ்ஆப் குழுவை நாம் அந்தரங்கம் என்று கூறுவது வேடிக்கையே.

சபையின் பொறுப்பு

படத்தைக் களவாடியவரைப் பற்றி மட்டும் பேசி, அதை வெளியில் வைத்த நம்மைப் பற்றிப் பேசாதிருத்தல் ஆகாது. இசைவு என்பது எடுப்பதற்கு ஒன்று, வெளியிடுவதற்கு மற்றொன்று. ஆலயத்தில் காமிராவைக் கண்டு புன்னகைத்தவர் ஃபேஸ்புக்கிற்கு இசைந்தார் என்று கொள்ள இயலாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அந்தரங்கப் படங்களைப் பொறுத்தவரை இவ்வேறுபாட்டை வெளிப்படையாகவே ஏற்கிறது. எடுக்க இசைந்த பெண், பரப்ப இசையாதிருந்தால், பரப்புவது குற்றமே.

சில வகைப் படங்களை நாம் எவ்விதத்திலும் பொதுவில் இடலாகாது என்று துணிந்து கூறுவோம். ஞானஸ்நானம் பெறும் புதியவரின் படம் அவற்றுள் முதன்மையானது. தம் வீட்டாருக்கு இன்னும் அறிவியாத ஒருவரின் நனைந்த முகம் நமக்கு மகிழ்ச்சிச் செய்தி. அவருக்கு அது வேலையையோ உறைவிடத்தையோ இழக்கும் வழியாகலாம். மருத்துவமனைப் படுக்கையில் உள்ளோர்மேல் கைவைத்து மன்றாடும் படம், உதவிப்பொருள் பெறுவோர் வரிசையில் நிற்கும் படம் ஆகியவையும் அத்தகையன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியபோது, அரிசிப்பை பெறும் தாய்மார்களின் படங்கள் எத்தனை செய்தி மலர்களில் வந்தன என்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கொடுத்தவர் பெயர் பதாகையில் தெளிவாக இருந்தது. பெற்றவர் பெயர் எங்கும் இல்லை. முகம் மட்டும் இருந்தது.

குழந்தைகளைப் பற்றிச் சட்டமே கட்டளையிடுகிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் படத்தை வெளியிடுவதைத் தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் சபைகளும் அமைப்புகளும் நடத்தும் இல்லங்களில் உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் இவ்வகையில் அடங்குவர். அயல்நாட்டு நன்கொடையாளருக்குப் பிள்ளையின் படத்தோடு கதை எழுதி அனுப்பும் பழக்கம் மிஷனரி இதழ்களின் காலத்திலிருந்தே நம்மிடம் உண்டு. அக்காலத்து அச்சிதழ் நூலகத்தில் உறங்கியது. இக்காலப் படம் அப்பிள்ளை வளர்ந்து வேலைக்கு நேர்முகம் செல்லும் நாளிலும் முன்வந்து நிற்கும். 2023-ஆம் ஆண்டு எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுகளுக்குப் பெற்றோரின் மெய்ப்பிக்கத்தக்க இசைவைக் கோருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. விடுமுறை வேதாகமப் பள்ளியின் சேர்க்கைத் தாளில் "படம் எடுக்கலாம்", "அச்சு மலரில் வெளியிடலாம்", "இணையத்தில் இடலாம்" என மூன்று தனிக்கட்டங்களை அமைத்து, பெற்றோர் வேண்டியதைக் குறிக்கச் செய்தால் இதற்குப் பெருமளவு போதும். ஒரே கட்டமாக அமைத்தால் எல்லோரும் வாசியாமல் குறித்துவிடுவர்.

களவு நிகழ்ந்தபின்

முதலில் சான்றைக் காத்தல் வேண்டும். சினத்தில் உடனே எதிராளிக்கு எழுதினால் அவர் படத்தை நீக்கிவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் இருப்பார். பக்கத்தின் முழு முகவரி, நாள், நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டபின் எழுதலாம். படம் வேறெங்கு உலவுகிறது என்று கூகிள் லென்ஸ், டின்ஐ போன்ற உருவத் தேடல் கருவிகள் காட்டும். ஏமாற்றும் நோக்கமற்றவர்கள் பணிவான ஒரு கடிதத்திலேயே நீக்கிவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

நீக்காவிடில், அப்படத்தை வைத்திருக்கும் தளத்திற்கு முறையீடு அனுப்பவேண்டும். நம் பதிப்புரிமை விதிகள் 2013-இன்படி, உரிமையாளர் எழுத்தில் முறையிட்டால் இடைத்தளம் 36 மணி நேரத்திற்குள் அதை மறைக்கவேண்டும். ஆனால் 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிடில் மீண்டும் திறந்துவிடலாம். பெருநிறுவனங்கள் அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைத்த தங்கள் படிவங்களையே பயன்படுத்துகின்றன. அவை பெரும்பாலும் விரைவானவை. வழக்கு தொடுக்க நேர்ந்தால் எதிராளி இருக்கும் ஊருக்குச் செல்லவேண்டியதில்லை. 62-ஆம் பிரிவின்படி உரிமையாளர் வாழும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். தாம்பரத்தில் வாழ்வோர்க்கு அது செங்கல்பட்டு.

அந்தரங்கப் படம், ஒட்டுப்படம், ஆள்மாறாட்டம் ஆகியவற்றில் பதிப்புரிமைப் பேச்சுக்கே இடமில்லை, அவை குற்றங்கள். அத்தகைய படங்களை முறையீடு பெற்ற 24 மணி நேரத்திற்குள் நீக்கவேண்டும் என்று 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் வரையறுத்தன. 2022 ஜனவரியில் செயற்படத் தொடங்கிய தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகத்தின் இணையக் குற்றப் பிரிவிலோ, தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ புகார் கொடுக்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான இத்தகைய குற்றங்களைப் பெயர் கூறாமலும் அத்தளத்தில் தெரிவிக்க இடமுண்டு. படம் இன்னும் பரவவில்லை, பரப்புவேன் என்று அச்சுறுத்துகிறான் என்னும் நிலையில், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஸ்டாப் என்சிஐஐ என்னும் தளம் உதவும். அது படத்தை வாங்கிக்கொள்வதில்லை. நம் கைப்பேசியிலேயே படத்திலிருந்து ஒரு கணிதக் கைரேகையை உண்டாக்கி அதை மட்டும் பெற்று, பங்குபெறும் நிறுவனங்களுக்கு அளிக்கிறது. அக்கைரேகையுடைய படம் அங்கு ஏற்றப்பட்டால் அவை அறிந்துகொள்ளும். 18 வயதுக்கு உட்பட்டோர்க்கு இதே முறையில் இயங்குவது டேக் இட் டவுன் என்பது. புகார் கொடுக்கச் செல்லும் பெண்ணோடு ஆயரோ ஆயரம்மாவோ உடன் செல்வது, அவ்விடத்தில் அவர் நடத்தப்படும் முறையையே மாற்றிவிடுகிறது.

பழைய படங்கள்

இறுதியாக, பல சேகரங்கள் தங்கள் பழைய ஆல்பங்களைக் கணினியில் ஏற்றி இணையத்தில் இட முன்வந்துள்ளன. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்ததும், 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு அங்கே கூடியதும் இப்பகுதியின் வரலாற்றில் பெரிய நிகழ்ச்சிகள். அவற்றின் படங்களில் மேடையில் இருப்போரின் பெயர்கள் ஆவணங்களில் கிடைக்கின்றன. ஆனால் நம் சேகரங்களின் பழைய படங்களில் சமையல் செய்தவர்களும், பந்தல் இட்டவர்களும், மிஷன் வளாகத்துப் பிள்ளைகளும் பெயரின்றி நிற்கின்றனர். பெயரில்லாத ஒருவரிடம் இசைவு கேட்பது எவ்வாறு? அறிந்தவரை நாம் பரிந்துரைப்பது இது. அத்தகைய படங்களைச் சுருக்கிய அளவிலேயே இணையத்தில் இட்டு, முழுக்கோப்பைச் சேகர அலுவலகத்தில் வைக்கலாம். படத்தின்கீழ் எடுத்த ஆண்டும் இடமும் எழுதி, பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, அடையாளம் காண்போர் தெரிவிக்கும்படி கேட்கலாம். ஆலயத்தில் ஒரு ஞாயிறு அப்படங்களின் அச்சுப் பிரதிகளைக் கொடியில் தொங்கவிட்டால், முதியோர் முன்வந்து "இது என் பெரியம்மா" என்பார்கள். அக்குடும்பத்தாரிடம் அப்போது கேட்கலாம். அவர்கள் வேண்டாம் என்றால் அப்படத்தை எடுத்துவிடலாம்.